அளக்காத நாலாவது சிலிண்டர்

அண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை அலுமாரியைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தையில் கடலுக்கு இவ்வளவு அருகில் இருந்தால் எதையும் நீண்ட நாள் மூடி வைக்க முடியாது. உப்பு ஏறிவிடும், பூஞ்சணம் பிடித்துவிடும். மேல்தட்டில், பழைய பைகளுக்குப் பின்னால், ஒரு பிஸ்கட் டின் இருந்தது. மூடி துருப்பிடித்து இறுகிப்போயிருந்ததால் கத்தி முனையால் நெம்பித் திறந்தேன். பிள்ளைகள் உருட்டி விளையாடும் களியின் வாசனை முதலில் வந்தது. அதற்கு அடியில், மெல்லியதாக, எஞ்சின் ஒயில்.

பச்சைக் களி, மூன்று துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு வால்வின் விளிம்பு பதிந்த பிறை வடிவம், அதன் குறுக்கே பிளேடால் நேராக வெட்டிய கோடு. அடியில் ஒட்டிய சிறிய கடதாசிகளில் என் கையெழுத்து: ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது இல்லை. அது ஏன் இல்லை என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னப்பா, தலை சுத்துதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உள்ளங்கை இரண்டும் வியர்த்திருந்தன. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்தப் பயம் அப்படியே, ஒரு இம்மியும் குறையாமல் வருகிறது.

நான் பிறந்ததிலிருந்தே பயந்தவள் என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்வீர்கள். அது உண்மைதான். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் காஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தரம் பார்ப்பேன். அந்தப் பயமே பிறகு எனக்குத் தொழிலானது. வத்தளையில் பித்தளை, அலுமினியப் பாகங்கள் கடைந்து செய்யும் தொழிற்சாலையில் நான் பரிசோதகர். வருகிற ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, சரி, பிழை என்று எழுதிக் கையெழுத்து வைப்பதுதான் என் வேலை. நீங்களோ துறைமுகத்தில் கொள்கலன் தூக்கும் கிரேன்களின் மெக்கானிக். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பதினைந்து மாடி உயரத்தில் ஏறி நின்று கம்பிவடத்துக்கு கிறீஸ் பூசிவிட்டு, இறங்கி வந்து ஒன்றும் நடக்காததுபோல் சோறு சாப்பிடுவீர்கள். உங்களுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.

கொட்டாஞ்சேனை வீட்டின் பின்புறத்துத் தகரக் கொட்டிலில் அந்த வெள்ளைக் கார் நின்றது. இருபத்தைந்து வருடப் பழைய ஜப்பானியக் கார். மலைப்பாதை ஓட்டப் போட்டிகளுக்கு அதைக் கொண்டுபோவீர்கள். ஒவ்வொரு கார் தனித்தனியாக மேட்டில் ஏறும், யார் குறைந்த நேரத்தில் உச்சியைத் தொடுகிறாரோ அவருக்கு வெற்றி. அந்த வருடம் எஞ்சினை முழுதாகப் பிரித்து, இன்னும் வேகமாகச் சுழலும்படி கட்டத் தீர்மானித்தீர்கள். வெளிநாட்டிலிருந்து புதிய கேம் தண்டுகள் இரண்டு வந்திருந்தன. பழைய தண்டுகளைவிட வால்வுகளை ஆழமாகவும் அதிக நேரமும் திறந்து வைப்பவை. எஞ்சினின் தலைப்பாகத்தை, நீங்கள் ஹெட் என்பதை, ஏற்கெனவே இரண்டு தரம் சீவியிருந்தீர்கள். பிஸ்டன்களும் புதியவை, முன்னதைவிட உயரமானவை.

"எல்லாத்தையும் கிட்டக் கிட்டக் கொண்டு வந்திட்டன்," என்றீர்கள் தொலைபேசியில். "இனி உன்ர கண்தான் வேணும். ஞாயிறு வா."

எனக்கு எஞ்சின் தெரியாது, அளவுதான் தெரியும் என்றேன். அன்று கொட்டிலில் ஒரு பிஸ்டனை ஒரு கையிலும் ஒரு வால்வை மறு கையிலும் பிடித்து நீங்கள் விளங்கப்படுத்தினீர்கள். பிஸ்டன் மேலே ஏறி வருகிறது. அதே நேரம் எரிந்த புகை போகிற வால்வு இன்னும் முழுதாக மூடவில்லை, புதுக் காற்று வருகிற வால்வு திறக்கத் தொடங்கிவிட்டது. இரண்டும் எதிரெதிராக வந்து, தொடாமல் விலகிப் போக வேண்டும். அந்த நொடியில் இடையில் இருக்கும் வெளி எவ்வளவு என்பதுதான் கேள்வி.

"தொட்டா?" என்றேன்.

"மெதுவாச் சுத்தேக்க தொட்டா வால்வு வளையும். நிமிசத்துக்கு எட்டாயிரம் சுத்தேக்க தொட்டா வால்வு முறிஞ்சு உள்ளுக்க விழும். எஞ்சின் இறுகி நிண்டிடும்."

"எஞ்சின் நிண்டா கார் நிக்கும். அவ்வளவுதானே?"

நீங்கள் கையிலிருந்த பிஸ்டனைத் துணியால் துடைத்தீர்கள். "சில்லும் இறுகும். வளைவில எண்டா ஸ்டியரிங் நம்மட கையில இல்ல," என்றீர்கள்.

அந்தப் பாதைகளை நான் படங்களில் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலைச் சரிவு. அன்றிலிருந்து அந்த மில்லிமீற்றர்கள் எனக்கு வெறும் எண்களாக இருக்கவில்லை.

முதல் சோதனையிலேயே எஞ்சின் எங்களை நிறுத்தியது. பிஸ்டன் முகத்தில் களியை அப்பி, மூட்டுக்கு இடையில் வைக்கும் பழைய கேஸ்கட் தகட்டை வைத்து, ஹெட்டை இறுக்கி, பெல்ட்டைப் போட்டு, கீழே உள்ள தண்டை ஸ்பனரால் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். ஸ்பனரை என்னிடம் தந்தீர்கள். ஒரு சுற்று முடிவதற்குள் கைக்கு ஒரு தடை பட்டது. நான் இன்னும் கொஞ்சம் அழுத்தப் போனேன்.

"கை நிண்டா நீயும் நில்," என்றீர்கள், என் மணிக்கட்டைப் பிடித்து. "தள்ளாத."

பிரித்துக் களியை வெட்டிப் பார்த்தபோது ஒரு இடத்தில் களி கடதாசி மாதிரி மெலிந்திருந்தது. அடுத்த வாரம் முழுக்க வழி தேடினோம். தடித்த கேஸ்கட் போட்டால் இடைவெளி கூடும், ஆனால் அமுக்கம் குறைந்து, செய்த வேலையெல்லாம் வீண். கேம் தண்டுகளைச் சில பாகை திருப்பி வைத்தால் ஓரளவு கூடும், போதாது. மிஞ்சியது ஒன்றுதான்: பிஸ்டன் முகத்தில் வால்வு இறங்கும் குழிகளை இன்னும் ஆழமாகக் குடைவது. குழிக்கு அடியில் எவ்வளவு தடிப்பு மிஞ்சும் என்று நான் ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து பார்த்துச் சம்மதம் சொன்னேன். ஒருகொடவத்தையில் உங்களுக்குத் தெரிந்த ஒரு கடைசல் பட்டறையில் நாலையும் கொடுத்தீர்கள். கொண்டுவந்ததும் நீங்களே எஞ்சினுக்குள் பூட்டியும் விட்டீர்கள்.

"நாலாவது வெட்டேக்க கரண்ட் போயிட்டுது. ரெண்டு மணித்தியாலம் பாத்துக்கொண்டு நிண்டனான்," என்று தொலைபேசியில் சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அப்போது அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இனி வருவதை நான் உங்களிடம் ஒரே ஒரு தரம்தான் சொல்லியிருக்கிறேன். அதுவும் முழுதாக இல்லை.

அந்த ஞாயிறு மழை இருட்டிக்கொண்டு வந்தது. நாலு பிஸ்டன்களிலும் களி வைத்தேன். களி வால்வில் ஒட்டாமல் இருக்க வால்வு முகத்தில் ஒயில் பூச வேண்டும். மூன்றுக்குப் பூசினேன். அந்த நேரம் தொலைபேசி அடித்தது, மகளுக்குக் காய்ச்சல் கூடிவிட்டதாம், எப்போது வருவாய் என்று கணவர் கேட்டார். பேசிவிட்டு வந்து ஹெட்டைத் தூக்கி வைக்க உங்களுக்குக் கை கொடுத்தேன். இரண்டு சுற்று. இந்த முறை கைக்குத் தடையே இல்லை. உங்கள் முகத்தில் வந்த சந்தோசத்தை என்னால் மறக்க முடியாது. ஹெட்டைக் கழற்றி வாங்குப் பலகையில் வைத்துவிட்டு, "நீ அள, நான் பிளேன்ரீயும் மாலு பாணும் வாங்கிக்கொண்டு வாறன்," என்று குடையை எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் இறங்கினீர்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் சரியாக இருந்தது. காற்று வருகிற வால்வுக்கு ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல், புகை போகிற வால்வுக்கு இரண்டு. நாலாவது பிஸ்டனில் களியே இல்லை. அது வால்வோடு ஒட்டிக்கொண்டு போய், ஹெட்டின் அடியில் பிய்ந்து தொங்கியது. நான் ஒயில் பூச மறந்த வால்வு.

மறுபடியும் களி வைத்து, ஹெட்டை இறுக்கி, பெல்ட்டைப் போட்டு, சுற்றி, கழற்ற இரண்டு மணித்தியாலம் வேண்டும். தகரத்தில் மழை விழத் தொடங்கிவிட்டது, ஒழுக்கு வேறு. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். ஒரே ஆள், ஒரே இயந்திரம், ஒரே வெட்டு, மூன்று சரியென்றால் நாலாவது எப்படிப் பிழையாகும் என்று எனக்கு நானே சொன்னேன். பிய்ந்த களியை உருட்டிக் கைப்பைக்குள் போட்டேன். கொப்பியில் நாலுக்கு நேரே இரண்டு என்று எழுதினேன். கீழே கையெழுத்தும் வைத்தேன். தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடத்தில் ஒரு தரம்கூட நான் செய்யாத காரியம் அது.

நீங்கள் நனைந்து வந்து, கொப்பியைப் பார்த்து, "நாலும் ஒரே மாதிரி. பாத்தியா?" என்றீர்கள். அந்தத் தாளைக் கிழித்துக் கொட்டில் சுவரில் ஒட்டினீர்கள். மீன் வைத்த அந்த மாலு பாண் சூடாக இருந்தது. எனக்கு இறங்கவில்லை. ஆனால் அப்போது அது பயம் இல்லை, வெறும் வெட்கம். பயம் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வந்தது.

அது ஒரு வெள்ளிக்கிழமை. எஞ்சின் காருக்குள் ஏறி, நீங்கள் அதை வத்தளைப் பக்கம் மெதுவாக ஓட்டிப் பழக்கி முடித்திருந்தீர்கள். மறுநாள் மலையில் பயிற்சி ஓட்டம், ஞாயிறு போட்டி. தொழிற்சாலையில் மத்தியானம் மின்சாரம் நின்று, அரை மணிக்குப் பிறகு வந்தது. அதற்குப் பின் என் மேசைக்கு வந்த முதல் பாகத்தை அளந்தேன். பிழை. அடுத்ததும் பிழை. கடைசல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கரண்ட் போனா டூலைத் திரும்பத் தொடக்கத்தில வச்சு எடுக்க வேணும் மிஸ்," என்றார். "அதில கொஞ்சம் விலகிப்போச்சு போல."

என் கையில் இருந்த அளவுகோல் மேசையில் விழுந்தது. நாலாவது வெட்டேக்க கரண்ட் போயிட்டுது என்ற உங்கள் குரல், சிரிப்போடு, காதுக்குள் கேட்டது.

உடனே உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். பின்னால் லொறி இரைந்தது. காரை ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். "என்ன, சொல்லு," என்று கத்தினீர்கள். என் வாய் திறந்தது. "கவனமா ஓடுங்கோ," என்றேன். அவ்வளவுதான் வந்தது. என் பிழையைச் சொல்லும் பயம், நீங்கள் விழுந்துவிடுவீர்கள் என்ற பயத்தைவிட அந்த ஒரு நிமிடம் பெரிதாக இருந்தது. அண்ணா, இதைத்தான் நான் உங்களிடம் சொல்லாமல் விட்டேன்.

சனிக்கிழமை முழுவதும் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒவ்வொரு தரம் அடிக்கும்போதும் இலக்கத்தைப் பார்க்குமுன்னரே எடுத்துக் காதில் வைத்தேன். பின்னேரம் நீங்கள் எடுத்தீர்கள்.

"நல்லா இழுக்குது. ஏழாயிரத்துக்கு மேல மட்டும் ஒரு சின்னச் சத்தம். டக் டக் எண்டு. டப்பெட் லூசாகியிருக்கும், பெரிசா ஒண்டுமில்ல."

"நாளைக்கு எத்தின மணிக்கு ஓட்டம்?"

"என்ட முறை ரெண்டு மணிக்குப் பிறகு. ஏன்?"

"சும்மா," என்றேன்.

விடிய முதல் பஸ்ஸில் ஏறினேன். மடியில் தொழிற்சாலையிலிருந்து எடுத்து வந்த டயல் கேஜ், முள் வைத்த அளவுக் கடிகாரம். உங்களிடம் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கணவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர், "போய்ச் சொல்லு. அவர் ஏசினா ஏசட்டும்," என்றார். ஏசுவீர்கள் என்று நான் பயப்படவே இல்லை. பஸ் மேட்டில் திணறி ஏறும்போது, அதற்குள் யாராவது உங்களை இன்னுமொரு பயிற்சி ஓட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டால் என்ற நினைப்பு. எதிரே அம்புலன்ஸ் ஒன்று சத்தமிட்டுக்கொண்டு இறங்கிப் போனது. அதன் கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்க எழுந்தே விட்டேன்.

பத்து மணிக்கு வந்து சேர்ந்தேன். பனிமூட்டம். கூடாரத்தின் கீழ் கார் நின்றது. உங்களோடு துறைமுகத்தில் வேலை செய்யும் நிமல், அந்த லொறியின் சொந்தக்காரர், என்னைக் கண்டதும், "மொகத நங்கி, மெச்சர துர?" என்று சிங்களத்தில் வியந்தார். இவ்வளவு தூரம் ஏன் என்று. நான் அவருக்குப் பதில் சொல்லாமல் உங்கள் கையைப் பிடித்துக் கூடாரத்தின் பின்னால் கூட்டிப்போனேன்.

"நாலாவது நான் அளக்கேல்ல."

நீங்கள் விளங்காமல் பார்த்தீர்கள்.

"களி பிஞ்சு போச்சு. ஒயில் பூச மறந்திட்டன். அளக்காமலே எழுதிப்போட்டன். நாலாவது வெட்டேக்க கரண்ட் போனதெண்டு சொன்னீங்களே, அதில வித்தியாசம் வந்திருக்கும்."

உங்கள் முகம் வெளிறியது. முதன்முதலில் அன்றுதான் அதைக் கண்டேன். முதல்நாள் அந்தச் சத்தத்தோடு எத்தனை தரம் ஏறியிறங்கினீர்கள் என்று மனதுக்குள் எண்ணியிருப்பீர்கள். பிறகு கேட்டீர்கள்: "குறைவா? இல்ல தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப பாப்பம்," என்றீர்கள். ஒரு சொல் ஏசவில்லை.

ஹெட்டைக் கழற்ற நேரமில்லை. மேல்மூடியை மட்டும் கழற்றினோம். கேஜின் காந்தத் தாங்கி அலுமினியத்தில் ஒட்டாது என்பதால் மூடியின் போல்ட்டால் ஒரு இரும்புத் தகட்டை இறுக்கி அதில் டயல் கேஜைப் பூட்டினேன். நிமல் ஸ்பனரால் தண்டை, பிஸ்டன் உச்சிக்கு வரச் சற்று முன்னால் உள்ள புள்ளிக்குக் கொண்டு வந்தார். நீங்கள் ஒரு நெம்பியால் நாலாவது சிலிண்டரின் புகை வால்வை, அது பிஸ்டனில் முட்டும் வரை, கீழே அழுத்தினீர்கள். முட்டும் வரை அது எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவுதான் இடைவெளி. ஸ்பிரிங் இறுக்கமானது. உங்கள் கழுத்து நரம்பு புடைத்தது. முள் நகர்ந்தது, நின்றது.

"எவ்வளவு?"

முள்ளை இன்னொரு தரம் பார்த்தேன்.

"தங்கச்சி, எவ்வளவு?"

"அரை மில்லிமீற்றர்."

இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் அரை. மூன்று தரம் அளந்தேன். மூன்று தரமும் அதே அரை. நிமல் தொப்பியைக் கழற்றிவிட்டு, பக்கத்து டயர் மேல் உட்கார்ந்தார்.

காரை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவோம் என்று கெஞ்சினேன். நீங்கள் நாலு சிலிண்டரின் அமுக்கத்தையும் பார்த்தீர்கள். சமமாக இருந்தது, வால்வு வளையவில்லை. புகை வால்வுகளின் கேம் தண்டைச் சில பாகை முன்னால் திருப்பினீர்கள், அவை கொஞ்சம் முந்தியே மூடும்படி. மறுபடி அளந்தோம். ஒன்றே கால். அதிவேகத்துக்குப் போதாது. ஆறாயிரத்துக்குக் கீழே போதும் என்பது உங்கள் கணக்கு. எஞ்சினின் சுற்றுகளைக் காட்டும் வட்டத்தில் ஆறாயிரத்துக்கு நேரே சிவப்பு டேப் ஒட்டினீர்கள்.

"ஏன் ஓட வேணும்? யாருக்குக் காட்ட?" என்று அழுதேன்.

"ஒருத்தருக்கும் இல்ல. நேற்று ஒண்டும் தெரியாம ஏறினனான். இண்டைக்கு எவ்வளவு எண்டு தெரியும்." கையுறையைப் போட்டீர்கள். விரல்கள் உள்ளே போகாமல் நடுங்கின. நான் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்கள். மறைக்கவில்லை. கையை என் முன்னால் நீட்டி, "பிடி," என்றீர்கள். ஒவ்வொரு விரலாக நான்தான் இழுத்துவிட்டேன்.

நான் தொடக்கக் கோட்டுக்குப் போகவில்லை. வேலியோரம் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். எஞ்சின் ஏறும் சத்தம், கியர் மாறும் சத்தம், மறுபடி ஏற்றம். ஒவ்வொரு தரமும் உச்சத்துக்குப் போகுமுன் கியர் மாறியது. எண்ணினேன். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. பிறகு பனிமூட்டம் சத்தத்தை விழுங்கிவிட்டது. சத்தமே இல்லை. எஞ்சின் நின்றதா, மலைக்கு அந்தப் பக்கம் போனதா என்று பிரித்தறிய முடியாத அமைதி அது. எவ்வளவு நேரம் இருக்கும்? அரை நிமிடம்கூட இருக்காது. அந்த அரை நிமிடத்தில் அண்ணியிடம் நான் என்ன சொல்வேன் என்று சொல் சொல்லாக யோசித்து முடித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற அதிகாரியின் வோக்கி கரகரத்தது. சிங்களத்தில் உங்கள் காரின் இலக்கத்தைச் சொல்லி, "பினிஷ் உனா," என்றது ஒரு குரல், ஓடி முடித்துவிட்டது என்று. அப்படியே புல்லில் உட்கார்ந்தேன்.

உங்கள் பிரிவில் கடைசிக்கு முந்திய இடம். கேட்டவர்களிடம் கியர் சரியாக விழவில்லை என்று சொன்னீர்கள். நிமலும் அதையே சொன்னார்.

லொறியில் மலையிறங்கி வந்தோம். பிறகு கேட்டீர்கள்: "ஏன் அண்டைக்கே சொல்லேல்ல?"

"நீங்க சந்தோசமா இருந்தீங்க."

தலையை ஆட்டினீர்கள். "இனி தெரியாட்டித் தெரியாது எண்டு எழுது. நான் தாங்குவன்."

பத்து நாள் கழித்து ஹெட்டைக் கழற்றியபோது என்னைக் கூப்பிட்டீர்கள். நாலாவது பிஸ்டனின் முகத்தில் பிறைபோல ஒரு சின்னத் தழும்பு. வால்வு முத்தமிட்ட இடம். நீங்கள் நகத்தால் அதைச் சுரண்டினீர்கள். மேலே மெல்லிய கரி படிந்திருந்தது. அதாவது சனிக்கிழமைப் பயிற்சியில் தொட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தொடவில்லை, தொட்டிருந்தால் கரி அழிந்து பளபளத்திருக்கும். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அந்தப் பிஸ்டனின் குழியைத் திரும்ப வெட்டி, நாலையும் அளந்து கட்டிய அதே எஞ்சினில்தான் அடுத்த வருடம் மூன்றாம் இடம் வந்தீர்கள். நான் வரவில்லை. அந்த மலைக்கு நான் பிறகு போகவே இல்லை.

உங்களுக்கு வயிற்றில் வலி தொடங்கியது அதற்குப் பிந்திய வருடம். ஸ்கேன் எடுத்த அன்று வைத்தியர் அண்ணியையும் என்னையும்தான் அறைக்குள் கூப்பிட்டார். கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவியிருக்கிறது, மூன்று மாதம், கூடினால் நாலு என்றார். வாசலிலேயே அண்ணி என் கையைப் பிடித்து, "அவருக்குச் சொல்லக் கூடாது. புண் எண்டு சொல்லுவம்," என்றார். நான் தலையாட்டினேன். நாலு கிழமை எல்லோரும் புண் என்றோம். வீட்டுக்கு வந்த சுவாமியாரும் புண்ணுக்குத்தான் செபித்தார்.

ஒரு பின்னேரம் அண்ணி மாதா கோயிலுக்குப் போயிருந்தார். நீங்கள் கட்டிலில் சாய்ந்திருந்தீர்கள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"எல்லாரும் புண் எண்டுகினம்," என்றீர்கள். "நீ சொல்லு. எவ்வளவு?"

கூடாரத்தில் கேட்ட அதே கேள்வி, அதே குரல். அண்ணிக்குத் தலையாட்டியவள் நான். ஆனால் உங்கள் முகத்துக்கு நேரே, எனக்குத் தெரிந்த ஒன்றை வேறொன்றாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

"மூண்டு மாசம். கூடினா நாலு. அதில ஒரு மாசம் போட்டுது," என்றேன்.

நீங்கள் கூரையைப் பார்த்தபடி கிடந்தீர்கள். பிறகு கையை நீட்டினீர்கள். பிடித்தேன். அது நடுங்கியது. மலையில் நடுங்கியதைவிட மோசமாக, தோள்வரை. "எனக்குப் பயமா இருக்கு," என்றீர்கள். வாழ்நாளில் அந்தச் சொல்லை உங்கள் வாயால் நான் கேட்ட ஒரே தரம். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "எனக்கும்," என்றேன். அண்ணி வந்து கேற்றைத் திறக்கும் சத்தம் கேட்கும் வரை அப்படியே இருந்தோம். சத்தம் கேட்டதும் கையை எடுத்து, முகத்தைத் துடைத்து, "ரீ போட்டுத் தாரும்," என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தீர்கள்.

அடுத்த நாளிலிருந்து நீங்கள் செய்ய வேண்டியவற்றைச் செய்தீர்கள். மகனோடு கதைத்தீர்கள், காரை நிமலுக்கு எழுதிக் கொடுத்தீர்கள். உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பதை அண்ணி அதிலேயே கண்டுகொண்டார். யார் சொன்னது என்பதும் அவருக்குத் தெரிந்தது. செத்த வீட்டில் என்னோடு கதைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் பூசையில் வேறு வாங்கில் போய் உட்கார்ந்தார். கொட்டாஞ்சேனைக்கு நான் போகும் நாட்களில் ரீ வரும், கதை வராது. அவர் செய்தது பிழை என்று நான் நினைக்கவில்லை. நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இதைத் தெரியாது என்றே எழுதுகிறேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை, நான் வத்தளை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது அண்ணி தொலைபேசி எடுத்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு. முதலில் என் மகளைப் பற்றிக் கேட்டார்.

"ஒண்டு கேக்க வேணும்," என்றார். "நீர் சொன்ன அண்டைக்கு அவர் பயந்தவரா?"

களனிப் பாலத்தின் மேல் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. இல்லை அண்ணி, அவர் தைரியமாகத்தான் இருந்தார் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் அது சுகமாக இருந்திருக்கும். வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன.

"ஓம் அண்ணி," என்றேன். "நல்லாப் பயந்தவர். என்ட கையைப் பிடிச்சு நடுங்கினவர்."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. வெகுநேரம் அழுதார். நான் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

"எனக்கு ஒரு நாளும் காட்டேல்ல," என்றார் கடைசியில். "எனக்குப் பக்கத்தில சிரிச்சுக்கொண்டே கிடந்தவர். எனக்கு ஒளிச்சது என்னில கோபத்தையா, இல்ல ஒளிக்க ஒண்டுமே இருக்கேல்லையா எண்டு இவ்வளவு நாளும் யோசிச்சன். ஞாயிறு வாரும். வந்து முழுசாச் சொல்லும்."

நாளை ஞாயிறு. போகப் போகிறேன். உள்ளங்கை இப்போதே வியர்க்கிறது. உங்கள் சிரிப்பை எல்லோரும் வைத்திருக்கிறார்கள் அண்ணா, நிமலிடம்கூட இருக்கிறது. உங்கள் பயத்தை மட்டும் என்னிடம் தந்துவிட்டுப் போனீர்கள். இரண்டு வருடம் தனியாக வைத்திருந்தேன். நாளை அதில் பாதியை அண்ணியிடம் கொடுப்பேன். மிச்சம் என்னோடு இருக்கட்டும்.

உங்கள்
தங்கச்சி